டர்பனில் பழைய படகு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பில் யார் பெயரில் வருகிறது?

மிட்மார் அணையில் பிள்ளைகளோடு சுற்றி வரலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், படகு விற்கும் ஒரு யார்டில் 16 அடி ஃபைபர் படகு வாங்கினோம். படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் 60 எச்.பி. அவுட்போர்டு மோட்டார், ட்ரெய்லரோடு. தகராறு இன்னும் ஓடுவதால் யார்டின் பெயரைப் போடவில்லை. அவர்கள் விற்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

"கடலையே பார்க்காத படகு" என்றார் விற்றவர். சாவியைத் திருப்பியதும் மோட்டார் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன? நாங்கள் போகும்போதே அது சூடாக இருந்தது, காலையில் வேறு யாரோ பார்க்க வந்தார்களாம். மோட்டாரின் கால், அதாவது தண்ணீரில் இறங்கும் அடிப்பாகம், அதற்குப் பளபளவென்று புதுப் பெயிண்ட்.

வாங்கிய பிறகுதான் சாட்ஸ்வொர்த்தில் படகு ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையும் சேர்ந்து ஆடியது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். ஓரத்தில் கணீரென்று கேட்டது, நடுவில் மொத் மொத். "உள்ளே பிளைவுட் ஊறிப் போச்சு தம்பி, மேலே பூசி மெழுகியிருக்கான்" என்றார். கியர் ஆயில் வெள்ளையாகக் கலங்கி வந்தது, அதாவது தண்ணீர் புகுந்திருக்கிறது. பெயிண்டைச் சுரண்டினால் உப்பு தின்ற குழிகள்.

சரி, சட்டம் இருக்கிறதே என்று போனோம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: தொழிலாக விற்பவர் கொடுத்த பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். யார்டுக்காரர் சிரித்தார். "நாங்கள் எங்கே விற்றோம்? ஒருத்தர் இங்கே நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்."

பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வந்த பில்லில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கீழே 'ஃபூட்ஸ்டூட்ஸ்', உள்ளது உள்ளபடி விற்பனை என்று ஒரு வரி. கடைக்காரர் அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. தொழிலாக விற்காத தனி ஆளுக்கு அது செல்லும், அவர் குறை தெரிந்தே மறைத்தார் என்று நாம் நிரூபித்தால் ஒழிய. மொத்தத் தந்திரமும் இதில்தான். ஆனால் பணம் போனது யார்டின் கணக்குக்கு. அந்த வங்கி ரசீதை வைத்துத்தான் இப்போது மல்லுக்கட்டுகிறோம்.

படகு மூழ்காமல் மிதக்கும் என்பதற்கான மிதப்புச் சான்றிதழ் "தபாலில் வருகிறது" என்றார்கள், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அது கைக்கு வராமல் காசை எடுக்காதீர்கள். 15 எச்.பி.க்கு மேல் ஓட்ட ஸ்கிப்பர் லைசென்ஸும் வேண்டும் என்பதை அந்த யார்டில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

பில்லைப் பணத்துக்கு முன்பே கேளுங்கள், யார்டின் பெயரிலேயே. 'கடலில் ஓடாதது' என்று வாயால் சொன்னதை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். போன உடனே மோட்டார் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறட்டும், நாளைக்கு வருகிறோம் என்று கிளம்பிவிடுங்கள்.