காடாக்ஸ் டிடி600: 1500டி வச்சிருக்கவங்க மொதல்ல நடு பின்ன பாருங்க

ரெண்டு வருஷமா என்கிட்ட கேனான் 1500டி-யும் கூட வந்த 18-55 கிட் லென்ஸும்தான். வீட்டு ட்யூப்லைட்ல எடுத்தா ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரா படத்த தானா பிரகாசமாக்குற அளவு) 3200 தாண்டிரும், முகமெல்லாம் ரவை ரவையா இருக்கும். கேமராவ மாத்தலாம்னு நெனச்சேன், கல்யாணம் எடுக்குற எங்க மாமா "பாடிய விடு மாப்ள, லைட்ட வாங்கு"ன்னாரு, சரின்னு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ரெண்டாவது மாடி கடைல இந்த டிடி600 ஃப்ளாஷ வாங்குனேன்.

வீட்டுக்கு வந்து கேமரா மேல மாட்டி அமுக்குறேன், எரியல. ஃப்ளாஷ்ல இருக்க டெஸ்ட் பட்டன அமுக்குனா பளிச்சுங்குது, ஷட்டர அமுக்குனா சத்தமே இல்ல, பேட்டரி ரெண்டு செட் மாத்தியாச்சு. மறுநாள் படியேறிப் போனா கடைக்காரரு "லைட் நல்லாத்தான் இருக்கு தம்பி, உங்க கேமராதான் கோளாறு"ன்னு அனுப்பிட்டாரு. ராத்திரி மொபைல் டார்ச் அடிச்சு ஹாட்ஷூவ, அதான் கேமரா தலைல ஃப்ளாஷ் மாட்டுற எடத்த, உத்துப் பாக்குறேன், நடுவுல வட்டமா ஒரு பொட்டு மாதிரி பின் இருக்கணும்ல, அந்த எடம் மொட்டையா இருக்கு! 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூணுலயும் கேனான் அந்த பின்ன எடுத்துட்டாங்களாம், டிடி600-க்கு சிக்னல் அது வழியாத்தான் வரணும். விக்கிறவரு இத ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?

ஆனா லைட்ட தூக்கிப் போடல. இதுல எஸ்2-ன்னு ஒரு மோட் இருக்கு. அதுல வச்சு லைட்ட ஸ்டாண்டுல தனியா நிறுத்திட்டு கேமராவோட பாப்அப் ஃப்ளாஷ தூக்கிவிட்டா, அந்த வெளிச்சத்த பாத்து இதுவும் சேந்து எரியும். எஸ்1-ல வச்சா கேமரா முன்னாடியே விடுற அளவு பாக்குற வெளிச்சத்துக்கே எரிஞ்சு தொலைக்கும், அதனால எஸ்2 தான். செலவு பத்து பைசா இல்ல.

அப்படித்தான் அக்கா வளைகாப்ப எடுத்தேன், லைட்டுக்கு வெள்ளக் குடை ஒண்ணு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்த திருப்பிவிட டிவி பெட்டில இருந்து எடுத்த தெர்மாகோல், பவர் 1/8, அதாவது முழு பவர்ல எட்டுல ஒரு பங்கு. வளையல்ல இருக்க கண்ணாடி மினுக்கு கூட தெளிவா விழுந்துச்சு. மொதல்ல லைட்ட சுவத்துல அடிச்சு பவுன்ஸ் பண்ணிப் பாத்தேன், எங்க வீட்டு சுவரு பச்சை பெயின்ட், அக்கா முகமும் பச்சை. மொட்டை மாடில எடுக்குறவங்க ஸ்டாண்டு கால்ல தண்ணி கேன் கட்டிக்கங்க, காத்துல குடை சாஞ்சா லைட்டும் போச்சு.

குறைன்னா டிடிஎல் (கேமராவே பவர தானா முடிவு பண்றது) கெடையாது, பவர் நீங்கதான் கூட்டிக் கொறைக்கணும், கத்துக்குறவங்களுக்கு அது நல்லதுதான்னு எனக்குத் தோணுது. செல்லு சாதாரணமா போடாதீங்க, ரீசார்ஜ் டபுள்ஏ நாலு போடுங்க. ரிங் லைட்டும் வச்சிருக்கேன், ரீல்ஸுக்கு ஓகே, கண்ணாடி போட்டவங்கள எடுத்தா ரெண்டு கண்ணுலயும் வளையம் தெரியும்.

அடுத்த காசுக்கு கேனான் 50எம்எம் 1.8 எஸ்டிஎம். 1.8-ங்கறது லென்ஸ் எவ்வளவு தொறக்கும்ங்கற நம்பர், சின்னதா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி. கிட் லென்ஸ் ஜூம் பண்ணா 5.6, அதோட பாத்தா இதுல கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். ஆனா 1500டி-ல அது 80எம்எம் மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், பின்னாடி போய்ப் போய் சின்ன ரூம்ல முதுகு சுவத்துல இடிக்கும்.

எஸ்2 வெயில்ல வேலைக்காகாது, அதுக்கு ட்ரிக்கர் வேணும், கேமரா மேல மாட்டி தள்ளி நிக்குற லைட்ட ரேடியோ சிக்னல்ல எரிய வைக்குறது. சும்மா ட்ரிக்கர்னு கேட்டா நடு பின்ன நம்புறத குடுத்துருவாங்க, எக்ஸ்2டி-சி-ன்னு கேட்டு, கேமராவ கையோட கொண்டு போய் கடைலயே எரிய வச்சுப் பாத்துட்டு காசு குடுங்க. அந்த ரெண்டு மாடிய மூணு தடவ ஏறி எறங்குனவன் சொல்றேன், லிஃப்டும் கெடையாது.