காரோடு வந்த புத்தகம்: கோத்தகிரியில் சில வருடப் பயன்பாடு

காரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது டேஷ்போர்டு பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடக்குமே, அந்த உரிமையாளர் கையேட்டைப் பற்றி. எனக்கு வேலை அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வண்டி ஐந்து கியர் பெட்ரோல் கார். அதை இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பராமரிக்கிறேன்.

அதிகம் பயன்பட்டது இறக்கம் பற்றிய அரைப்பக்கம். கீழ் கியரில் இறங்கு, நியூட்ரலில் விடாதே, பிரேக்கை மட்டும் நம்பாதே. மலைக்காரர்கள் "ஏறுன கியர்லயே இறங்கு" என்று சொல்வதும் இதைத்தான். ஆனாலும் மேட்டுப்பாளையம் இறங்கும்போது குஞ்சப்பனைப் பக்கம் சக்கரத்தில் புகையோடு ஓரங்கட்டிய வண்டியை அடிக்கடி பார்க்கலாம். கோவையிலிருந்து வந்த என் மச்சானும் நியூட்ரல் கட்சி.

"மச்சான், சும்மா உருட்டி விட்டா எவ்ளோ பெட்ரோல் மிச்சம் தெரியுமா?"

"கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல காலை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும் மாப்ளே. நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்."

அவர் நம்பவில்லை. இன்ஜெக்டர் வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் காலத்தில் அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கையேடும் செய்யாதே என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறதே தவிர, காரணம் சொல்வதில்லை. பிரேக் ஆயில் விஷயமும் இப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறியபின் அதே கணக்கு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அமுக்கினால் அமுங்கிவிடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இந்த நாலு வரியைச் சேர்த்துப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக யாருக்கும் மனசு வராது.

இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்டுக்கும் அதே கதி. "குளிர் ஊர்தானே சார், பைப் தண்ணியே போதும்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் கூலண்டும்தான் கொதிநிலையை மேலே தூக்கி வைத்திருக்கின்றன. வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துரு வேறு.

கையேடு சமவெளிக்காரர் எழுதியது என்பது இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் இடத்தில் தெரிந்துவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டுமாம். எங்கள் தெருவில் சமதளத்துக்கு எங்கே போவது? பள்ளி மைதானத்துக்குத்தான் போகிறேன். சர்வீஸ் அட்டவணையில் இரண்டு பட்டியல் உண்டு. சாதாரணப் பயன்பாடு முதல் பக்கத்தில். மலை, தூசி, குறைந்த தூர ஓட்டத்துக்கான கடுமையான பயன்பாடு பின்னால். நீலகிரிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பலரும் முதல் பட்டியலோடு மூடிவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் கண்ணாடி வேர்த்தால் ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு வெளிக்காற்றை உள்ளே விடு என்பது அருமையான குறிப்பு. அதையும் விட்டுவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

வகுப்பிலும் தினம் இதைத்தான் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் ஏதேனும் பத்துக்கு எழுத வேண்டும், ஆனால் 28ஆம் வினா கட்டாயம். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்கவே பத்து நிமிடம் தனியாகத் தருகிறார்கள். பிள்ளைகள் அதில் தெரிந்த கணக்கைத் தேடுவார்களே தவிர, குறிப்பைப் படிக்க மாட்டார்கள். பத்தையும் சரியாகப் போட்டுவிட்டு 28ஐ விட்டவர்கள் வருடா வருடம் உண்டு. சோம்பேறி என்று திட்டுவது சுலபம். குறிப்பு பகுதியின் தலைப்பில் இருக்கிறது, பையனின் கண் கணக்கில் இருக்கிறது. என் வகுப்புத் தேர்வுகளில் 28க்குப் பக்கத்திலேயே "கட்டாயம்" என்று போட ஆரம்பித்தேன். விடுபடுவது வெகுவாகக் குறைந்தது. டயர் காற்றழுத்தம் மட்டும் பலருக்குத் தெரிந்திருப்பதும் இதனால்தான். அந்த ஸ்டிக்கர் ஓட்டுநர் கதவோரத்திலேயே ஒட்டியிருக்கிறது.

கை போகும் இடத்தில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியர் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் அங்கே பாதையிலேயே நிற்கின்றன. அப்படியும் விபத்துகள் நடந்து, வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கவே தடை போட வேண்டி வந்தது. பத்து வளைவு பிரேக்கிலேயே இறங்கியவனுக்குப் பதினொன்றாவதில் பலகை பொய்யாகத்தானே தெரியும்? பிரேக் தீர்ந்துபோகிற வரை முனகுவதில்லை. 28ஐ விட்டவனுக்கும் விடைத்தாள் கைக்கு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

புத்தகத்தின் பெரிய குறை, என்னிடம் இருப்பது ஆங்கிலத்தில் மட்டும். இங்கே வாடகை வண்டி ஓட்டும் பலருக்கு அது எட்டாது. பழைய கார் வாங்குகிறவர்கள் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் மாடல், தயாரிப்பு ஆண்டு பார்த்து நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். முதலில் கடுமையான பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவரிடம் கேளுங்கள்.