தானாகப் பின்வாங்கும் படை: எந்த கேமின் ஏற்பாடு உருப்படி?

வியூக கேம் ஆடுபவர்கள் கூடினால், அடிபட்ட யூனிட் (வீரர் குழு, டாங்கி, கப்பல் என நாம் நகர்த்தும் ஒரு படை உறுப்பு) எத்தனை சதவீத ஹெல்த்தில் திரும்ப வேண்டும் என்றுதான் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அது எங்கே போய் நிற்கும், எப்போது மறுபடி வரும் என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

இந்த விஷயத்தில் ஜீரோ-கே எனக்குப் பிடித்தது, இலவசம் என்பதால் மட்டும் அல்ல. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 30, 65, 99 சதவீதம் என்று மூன்று அளவுகள் வைத்திருக்கிறார்கள். ஹெல்த் அதற்குக் கீழே இறங்கினால், மேப்பில் நாம் குறித்துவைத்த இடத்துக்கு யூனிட் தானே ஓடிவிடும். மலேசியாவின் பினாங்கில், மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பி புலம்பினான்: "அண்ணே, எல்லாத்தையும் முப்பதுல வெச்சேன். ஒண்ணுகூட உயிரோட வந்து சேரல."

"உன் யூனிட் நடக்கிற வேகத்தப் பாத்தியாடா?" என்றேன்.

கோளாறு அங்கேதான். 30 என்பது வேகமாக ஓடும் சின்ன யூனிட்டுக்கான அளவு. கனத்த, மெதுவான யூனிட்டை அந்த நிலையில் திருப்பினால் முதுகிலேயே அடி வாங்கிச் சாகும். அதற்கு 65 வேண்டும். ஒரு கீறல் பட்டதும் ஓடச் சொல்லும் 99, இழக்கவே கூடாத விலை உயர்ந்த யூனிட்டுக்கு. அதையே முன்வரிசைக்கும் வைத்தால் முன்வரிசையே இருக்காது. இன்னொன்று: பின்வாங்கும் இடத்தில் பழுது பார்க்கும் யூனிட் ஒன்றாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கும் பயணிகள் மாதிரி படை அங்கே கூடிக் கிடக்கும்.

கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ் கடல், வான் போர்களைக் கணக்குப் போட்டு ஆடுபவர்களுக்கானது. அதில் சேதம் மட்டும் அளவுகோல் இல்லை. எரிபொருள் குறைந்தாலோ ஏவுகணை தீர்ந்தாலோ கூட விலகச் சொல்லலாம். மேலே ஒட்டுமொத்தப் படைக்கு வைத்த விதி, கீழே ஒவ்வொரு கப்பல் வரை இறங்கும். வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கீறலும் படாத கப்பல், ஏவுகணை இல்லாமல் எதிரி முன் நிற்பதால் என்ன லாபம்? இந்தக் கேள்வியை நான் இங்கே சொல்லும் மற்ற கேம்கள் கேட்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் அமைத்து முடிப்பதற்குள் தே தாரிக் டீ ஆறிவிடும்.

கம்பெனி ஆஃப் ஹீரோஸில் தானியங்கி ஏற்பாடு கிடையாது. காலாட்படைக்குப் பின்வாங்கும் கட்டளையை நாமே கொடுக்க வேண்டும். ஓடும்போது அவர்களுக்கு அடி குறைவாக விழும், தலைமையகத்தில் ஆள் நிரப்பிக்கொண்டு, சேர்த்த அனுபவத்தோடு திரும்புவார்கள். டாங்கிக்கு அந்தச் சலுகை இல்லை, கையால்தான் பின்னுக்கு எடுக்க வேண்டும். விரல் வேகம் உள்ளவருக்கு இது சொர்க்கம், எனக்கு இல்லை.

விண்வெளிக் கேமான ஸ்டெல்லாரிஸில் சதவீதம் நம் கையில் இல்லை. உடற்பகுதியின் வலு பாதிக்குக் கீழே போன விண்கப்பல், அடி வாங்கும்போது போரிலிருந்து நழுவ வாய்ப்பு உண்டு. சின்னக் கப்பலுக்கு அந்த வாய்ப்பு அதிகம். பின்வாங்கவே கூடாது என்ற போர்க் கொள்கையைத் தேர்ந்தெடுத்தால் சுடும் வேகம் கூடும், நழுவும் வழி அடைபடும். விதியோடு சூதாட்டம், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் ஒழுங்கமைப்பு, அதாவது தொடர்ந்து சண்டை போடும் திராணி, பூஜ்யமானால் டிவிஷன் தானே பின்வாங்கும். சுற்றிலும் எதிரி நிலம் என்றால் போக இடமில்லாமல் மொத்தமாக அழியும்.

பின்வாங்குவதைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித்தர கேம் வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 16ஆம் தேதி இரவு, தீவை ஆண்ட பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கைவிடப்பட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர் சரவணமுத்து. வானொலி நிலையமும் துறைமுகத்துச் சிறு படகுகளும் அழிக்கப்படாமலே கிடந்தன. அந்தப் படகுகளில் ஏறித்தான் ஜப்பானியர் மேற்குக் கரையோரமாக வந்து பிரிட்டிஷ் அணிகளின் முதுகுக்குப் பின்னால் இறங்கினார்கள். ஒரு பின்வாங்கலில் விட்டுப் போனதே அடுத்த பின்வாங்கலுக்குக் காரணமானது. ஓய்வே இல்லாமல் தெற்கே நகர்ந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷனை 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றருகே ஜப்பானிய டாங்கிகள் பிளந்தன. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

அதனால் ஜீரோ-கேவில் புதிதாக ஆடுபவரிடம் சதவீதத்தைத் தொடுவதற்கு முன் பின்வாங்கும் இடத்தைக் குறிக்கச் சொல்வேன்: முன்வரிசைக்கு அருகே ஒன்று, தளத்துக்குள் ஒன்று. கெட்டிக்கார எதிராளி முன்வரிசையோடு மல்லுக்கட்ட மாட்டான். பழுது பார்க்கும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கேதான் குண்டு போடுவான். எனவே அருகே உள்ள இடத்துக்கு வான்பாதுகாப்பு ஒன்றாவது போட்டுவிடுங்கள்.