திடலில் சோலாரா, வாசலில் ரயிலா?

கார் பந்தயம் சூழலைக் கெடுக்கிறது என்றதும் எல்லோர் கண்ணும் ஓடுகிற காரின் புகைக்குழாய்க்குத்தான் போகும். ஃபார்முலா ஒன் நிர்வாகம் 2019ல் வெளியிட்ட கணக்கோ வேறு கதை சொல்கிறது. ஆண்டுக்கு 2,56,551 டன் கரிம உமிழ்வில், பந்தயக் கார் எஞ்சின்களின் பங்கு வெறும் 0.7 சதவீதம். சரக்குப் போக்குவரத்து 45 சதவீதம். ரசிகர்கள் வந்து போகும் பயணம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. அப்படியானால் ஒரு பந்தயத் திடலைப் பசுமையாக்க நினைப்பவர் முதல் ரூபாயை எதில் போடுவது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள போகோனோ திடல் சோலாரில் போட்டது. 2010ல் 25 ஏக்கரில் 39,960 பேனல்கள், 3 மெகாவாட். திடலின் மின்தேவை முழுவதையும் ஈடுகட்டி, சுமார் ஆயிரம் வீடுகளுக்கும் போதுமான மின்சாரம் அதில் கிடைக்கிறது. அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காருக்குக் கூட்டம் திரள்வது ஆண்டில் சில நாட்கள்தான். பேனல்கள் மற்ற நாளெல்லாம் உழைக்கின்றன. இதுதான் சோலாரின் பெரிய பலம். ஆனால் அந்தச் சில நாட்களில் ரசிகர்கள் எப்படி வருகிறார்கள்? மலைப்பகுதி, பக்கத்தில் ரயில் இல்லை. காரிலும் வீட்டு வசதி கொண்ட பெரிய வேன்களிலும்தான். அந்தப் புகையைப் பேனல்களால் தொட முடியாது.

நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் கை வைத்தது சரியாக அந்த இடத்தில். வட கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் திடல் அது; ஊரில் சுமார் 17,000 பேர்தான். 2021ல் ஃபார்முலா ஒன் அங்கே திரும்பியபோது, ஒரு நாளைக்கு லட்சம் பேர் காரில் வந்தால் ஊர் தாங்காது என்பது முன்பே தெரிந்திருந்தது. அதனால் பந்தய நாட்களில் வெளியூர்க் கார்களுக்குத் தடை. ரயில் பாதையையும் மின்வசதியையும் மேம்படுத்தி, மணிக்கு 12 ரயில் விட்டார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இறங்கி நடந்தால் திடல். ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம் பக்கத்திலிருந்து பல்லாயிரம் பேர் சைக்கிள் மிதித்தே வருகிறார்கள். அந்நாட்டு மின்சார ரயில்களுக்கு வேண்டிய அளவு மின்சாரத்தை 2017ல் காற்றாலைகளிலிருந்து வாங்கத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸான்ட்வோர்டிலும் குறை உண்டு. மணல்மேடுகளில் அரிய தேரையும் மணல் பல்லியும் வாழ்கின்றன. திடலைப் புதுப்பிக்கும் வேலையை எதிர்த்து 2019ல் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. வேலையை நிறுத்த நீதிபதி மறுத்துவிட்டார். ரயிலில் வரும் லட்சம் பேரைக் காட்டி அந்தத் தேரையின் இழப்பைக் கழித்துவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது. அது வேறு கணக்கு.

செலவு வீணாகுமா என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். 2026க்குப் பிறகு ஸான்ட்வோர்டில் ஃபார்முலா ஒன் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் மேம்பட்ட ரயில் பாதை கோடையில் கடற்கரைக்கு வரும் கூட்டத்துக்கு அப்படியே இருக்கும். வேறுபாடு அதிகாரத்தில். சோலாரைத் திடல்காரர் தன் நிலத்தில் தானே வைத்துவிடலாம். ரயிலுக்கு அரசும் நகராட்சியும் ரயில்வேயும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பல திடல்கள் பேனலோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

என் ஓட்டு ரயிலுக்கு. கூட்டம் பெரிதாகப் பெரிதாக வித்தியாசமும் பெரிதாகும். கூட்டம் சிறியது, ஆண்டு முழுக்கப் பயிற்சியும் சோதனை ஓட்டமும் நடக்கிற திடல் என்றால் சோலார்தான் முதலில்.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள நம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடல் இந்த இரண்டாவது வகை. 1990லிருந்து ஓடும் திடல், வெயிலுக்குப் பஞ்சமில்லை, பெங்களூரு நெடுஞ்சாலைதான் வழி. 2024ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோது சென்ட்ரல் ரயில் நிலையமும் மெட்ரோவும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அந்த வசதி இருங்காட்டுக்கோட்டைக்குக் கிடையாது. ஆனால் பூந்தமல்லிக்கு மெட்ரோ வழித்தடம் போட்டிருக்கிறார்கள். பந்தய ஞாயிறுகளில் அங்கிருந்து இணைப்புப் பேருந்து விட்டு, டிக்கெட்டிலேயே அந்தக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டால், காரை வீட்டில் விட்டுவிட்டு வர நான் தயார்.