பழைய செக்கரைப் பழக்குவதா, புது ஆளை எடுப்பதா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்க ஏஐ கேமரா வாங்கினால், அதை யார் கையில் கொடுப்பது? இதுவரை கண்ணால் குறை பார்த்துவந்த செக்கரிடமா, புதிதாக எடுக்கும் இன்ஜினியரிடமா?

செலவு: செக்கர் என்றால் பயிற்சி நாட்களில் வேலை குறையும். இன்ஜினியர் என்றால் மாதாமாதம் கூடுதல் சம்பளம்.

துணியறிவு: பெரிய வித்தியாசமே இங்கேதான். பின்னல் ஊசிக் கோளாறால் விழும் ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை எல்லாம் செக்கருக்குப் பார்த்ததும் தெரியும். குறையின் நீளத்துக்கேற்பப் புள்ளி போடும் ஃபோர் பாயின்ட் முறையில் 3 அங்குலம் வரையிலான குறைக்கு 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4 என்பது அவருக்கு மனப்பாடம். மடிப்பின் நிழலைக் கேமரா கறை என்று காட்டினால், துணியைக் கையால் நீவிப் பார்த்து இல்லை என்று சொல்லிவிடுவார். அந்தத் திருத்தங்களை வைத்துத்தான் மென்பொருளும் தேறும்.

மென்பொருள் கோளாறு: இன்ஜினியர் கைதான் ஓங்கும்.

ஒரே கேமரா என்றால் செக்கரையே பழக்குங்கள், சம்பளத்தையும் உயர்த்துங்கள். பல யூனிட், அடிக்கடி மாறும் துணி ரகம் என்றால் இன்ஜினியரும் வேண்டும். செக்கரை அனுப்பிவிட்டு அல்ல, அவர் பக்கத்திலேயே.