கிராண்ட் கேன்யன் தென்விளிம்பின் இலவசப் பேருந்துச் சேவை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு 446 கிலோமீட்டர் நீளத்துக்கு அறுத்துச் சென்றிருக்கும் கிராண்ட் கேன்யனைக் காணச் செல்வோர், அதன் தென்விளிம்பில் ஓடும் இலவசப் பேருந்துகளைத் தயங்காமல் நம்பலாம். மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத ஹெர்மிட் சாலையில், விரும்பிய காட்சிமுனையில் இறங்கி, விளிம்பையொட்டிச் சிறிது தொலைவு நடந்து, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதே இச்சேவையின் பெருஞ்சிறப்பு. பீமா முனையில் காற்று அடங்கியிருக்கும்போது, ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஆற்று நீர் பாறைகளில் மோதும் இரைச்சல் மேலே வரை கேட்கிறது; அதற்காகவே அங்கு கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். திரும்பும் பேருந்துகள் எல்லா நிறுத்தங்களிலும் நிற்பதில்லை என்பதும், அந்திநேரத்தில் வரிசை நீண்டுவிடுகிறது என்பதும் குறைகள். சூரியன் மறைவதைக் காண விரும்புவோர் மோகாவே முனைக்கு முன்கூட்டியே சென்றுவிடுவது நல்லது.