விடுமுறையில் ஊருக்குப் போய் ஹார்மோன் சிகிச்சை

ஆண் தரப்புக் குழந்தையின்மைக்கு லீவில் ஊருக்குப் போகும்போதே வைத்தியம் பார்த்து முடித்துவிடலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பரிசோதனைகளை முடித்துவிடலாம், சிகிச்சையை முடிக்க முடியாது. விந்தணு ஒன்று உருவாகவே ஏறக்குறைய 72 நாள் பிடிக்கும். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். எந்த மருந்தானாலும் மூன்று மாதத்துக்கு முன் பலன் தெரியாது. நமக்கு யார் அவ்வளவு லீவு தருகிறார்கள்?

வேகத்தில் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் வேலை பார்க்கும் வெளிநாட்டில், இங்கே, நிபுணரைப் பார்க்கவே ஒரு சிபாரிசுக் கடிதமும் நீண்ட காத்திருப்பும் வேண்டும். அங்கே காலையில் ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது.

எனக்கும் இதே பிரச்சினைதான். அந்த வேகமே நான் முதலில் போன மையத்தில் என் காலை வாரிவிடப் பார்த்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று கண்டதும், "குறையுதுல்ல சார், அதையே ஊசியா ஏத்திடலாம்" என்று சீட்டு எழுதிவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை வேண்டும் என்று வருபவருக்கு இதைவிடத் தப்பான மருந்து கிடையாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், 'போதும் போதும்' என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரையை வேலை வாங்கும் தன் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களின் சுரப்பை அடக்கிவிடும். ரத்தத்தில் அளவு அழகாக உயரும். விரைக்குள்ளோ, அங்கே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் சரிந்துவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். 1990களில் உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது! சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உடம்பேற்ற ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகளுக்கும் இதே கதைதான். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம் தாண்டும்.

அப்புறம் ஒரு ஹார்மோன் மருத்துவரைப் பார்த்தோம். வயதானவர். ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே, "வாசனை நல்லாத் தெரியுதா?" என்றார். மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறவியிலேயே மோப்ப உணர்வும் பாலியல் ஹார்மோன்களைத் தூண்டும் சுரப்பும் சேர்ந்து இல்லாமல் போகும் கால்மன் என்ற கோளாறு உண்டாம், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. மீசை எப்போது முளைத்தது, தலைவலி உண்டா, பார்வையின் ஓரங்கள் மங்குகின்றனவா என்று வரிசையாகக் கேட்டார். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேனா என்றுகூடக் கேட்டார். அது சில ஹார்மோன் பரிசோதனைகளைத் தடம் மாற்றிவிடுமாம்.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு மணிமாலையை எடுத்தார். நூலில் கோத்த முட்டை வடிவ மணிகள், 1 மில்லியில் தொடங்கி 25 வரை எண் போட்டவை. ஒரு கையால் விரையைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் மணிகளைத் தடவி, எது அளவில் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார். விரைப்பையில் ரத்தக் குழாய்கள் வீங்கிச் சுருண்டிருக்கின்றனவா (வெரிகோசீல்) என்று நிற்க வைத்தும் பார்த்தார். அதுவரை பார்த்த யாரும் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எல்லாரும் காகிதத்தைத்தான் பரிசோதித்தார்கள்.

அவர் சொன்னதன் சாரம் எஃப்.எஸ்.எச்.-இல் இருக்கிறது. விந்தணு மிகக் குறைந்து எஃப்.எஸ்.எச். எகிறியிருந்தால் பழுது விரையிலேயே இருக்கிறது என்று அர்த்தம், ஹார்மோன் ஊசி அங்கே பெரிதாக உதவாது. குரோமோசோம் சோதனை, ஒய் குரோமோசோமில் விடுபட்ட துண்டு உண்டா என்ற சோதனை, தேவைப்பட்டால் விரையிலிருந்தே விந்தணு எடுப்பது என்று பாதை வேறு. எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே குறைந்திருந்தால் விரை சும்மா இருக்கிறது, மேலிருந்து உத்தரவுதான் வரவில்லை. ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்வது இவர்களுக்குத்தான். எல்லாம் நார்மலாக இருந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தவர்களுக்கு க்ளோமிஃபீன் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள், ஆனால் பலன் உறுதியில்லை. நான் இரண்டாவது ரகம். அதிகமானால் இந்த உத்தரவை அடக்கிவிடும் புரோலாக்டின் ஹார்மோன் நார்மல், பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ.யிலும் கட்டி எதுவும் இல்லை.

பரிசோதனைக் கூடங்களைப் பற்றி இரண்டு விஷயம். "எப்ப வேணா வாங்கண்ணா" என்றுதான் கவுன்டரில் சொல்வார்கள். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலையில், வெறும் வயிற்றில் போக வேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும், அதையும் கேட்காமலேயே டப்பாவை நீட்டினார்கள். இன்னொன்று, அலகு. டெஸ்டோஸ்டிரோனை இங்கே லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்பார்கள், அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். இங்கே 10 என்று இருந்தது அங்கே 288 ஆக வந்ததும் மனைவி ஒரு நிமிஷம் பூரித்துப்போனார். 28.8-ஆல் வகுத்துக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு எழுதியது எச்.சி.ஜி. ஊசி. எல்.எச். செய்யும் வேலையை இது செய்யும், விரை தானே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டும், சில மாதத்தில் விந்தணு தலைகாட்டாவிட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் சேரும். மொத்தம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை ஆகலாம். போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் தங்கமானவர். பொடிக் குப்பியில் நீரைச் செலுத்திவிட்டு நான் ஆட்டப் போக, "அண்ணே, குலுக்காதீங்க, உள்ளங்கையில வச்சு உருட்டுங்க" என்றார். கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் இது என்பதால், ஊசி ஓடும் நாட்களில் கர்ப்பப் பரிசோதனை செய்தால் எனக்கும் இரண்டு கோடு வருமாம்!

மருந்தை மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வர மருத்துவர் சம்மதிக்கவில்லை. இங்கே ஒரு மருத்துவர் பொறுப்பெடுத்தால் மட்டுமே தொடங்கலாம் என்று சொல்லி, அந்த இங்கத்திய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சரிதான். கொண்டுவர நேர்ந்தால் மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால் 2 முதல் 8 டிகிரி, ஐஸ் பேக்கை நேரடியாக ஒட்ட விடாதீர்கள், உறைந்தால் வீண். செக்-இன் பெட்டி வேண்டாம். இறங்கும் நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. சிடியையும் அலகு தெரியும் ரிப்போர்ட்டுகளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

இப்போது இங்கேயே ரத்தமும் விந்தும் பரிசோதித்து ஊரில் இருக்கும் அந்த ஹார்மோன் மருத்துவருக்கு அனுப்புகிறேன், வீடியோவில் பேசுகிறார். டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டது. விந்தணு இன்னும் தென்படவில்லை. எஃப்.எஸ்.எச். சேர்ப்பதா என்பது அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.